பொங்கலன்று போனை எடுப்பது யார்?

2025 ஜனவரி 14. கரூரில் தைப்பொங்கல். தறிச் சத்தம் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளின் கேட்டுகளில் பூட்டு. அன்றைக்குத்தான் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ‘ஹைம்டெக்ஸ்டில்’ வீட்டு ஜவுளிக் கண்காட்சி தொடங்கியது. அது நடந்த நான்கு நாளில் முதல் மூன்று நாளும் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை. 2026இல் கண்காட்சி ஜனவரி 13 முதல் 16 வரை. பொங்கல் 15ஆம் தேதி. சிறு வித்தியாசத்துடன் அதே கதைதான். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் இந்தக் கண்காட்சியை நம்பித்தான் மேசை விரிப்பும் கிச்சன் டவலும் ஏப்ரனும் செய்கிற ஊர் தன் ஆண்டைத் தொடங்குகிறது.

ஸ்டாலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பையர் ஒரு டவலை எடுத்து விரிக்கிறார். விரல் நுனியால் துணியை நெருடிப் பார்க்கிறார். “ஜிஎஸ்எம்மைக் கொஞ்சம் குறைத்து, பார்டரில் ஒரு நிறத்தை எடுத்துவிட்டால் என்ன விலை வரும்?” என்கிறார். மெர்ச்சண்டைசர் ஒரு நிமிடம் என்று சொல்லி ஓரமாக வந்து ஊருக்குப் போன் போடுகிறார். காஸ்டிங் பார்ப்பவர் மாமியார் வீட்டில் இருக்கிறார், போன் எடுக்கப்படவில்லை. முதலாளியின் எண் பிஸி. திரும்பி வந்து, “நாளைக்குச் சொல்லட்டுமா?” என்கிறார். பையர் சிரித்த முகத்தோடு விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போகிறார். அங்கே இருப்பவர் துருக்கிக்காரராகவோ பாகிஸ்தான்காரராகவோ இருப்பார். அவருக்குப் பொங்கல் இல்லை.

வியாபாரப் பயணத்துக்குத் தயாராவது பற்றிச் சொல்லப்படுகிற யோசனைகளில் பெரும்பாலானவை பெட்டியைச் சுற்றியே வருகின்றன. ஸ்வெட்டர் எடு, மாத்திரை எடு, பவர் பேங்கைக் கைப்பையில் வை. எல்லாம் சரிதான். ஆனால் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் போகிறவரால் நடப்பதில்லை என்பது என் கணிப்பு. அனுப்புகிறவர்களின் அசட்டையில்தான் அது கெடுகிறது.

விசாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள்; சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கலாம். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். இதெல்லாம் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரை அனுப்புவது என்ற முடிவே பல இடங்களில் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த பிறகுதான் எடுக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று ஏஜென்ட்டைத் திட்டி என்ன பயன்?

யாரை அனுப்புவது என்பதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இந்தியர்களுக்கான ஷெங்கன் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் தளர்த்தியது. முந்தைய மூன்றாண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை போய்வர இரண்டாண்டு விசா கிடைக்கும்; அதன்பின் ஐந்தாண்டு விசாவுக்கும் வழி உண்டு. ஒரே ஆளைத் தொடர்ந்து அனுப்புகிற கம்பெனிக்கு மூன்றாவது ஆண்டில் விசாத் தலைவலி பாதியாகக் குறைந்துவிடும். நம்மிடமோ இந்த ஆண்டு மேனேஜர், அடுத்த ஆண்டு தம்பி, அதற்கடுத்த ஆண்டு ‘யூரோப் பார்த்ததில்லை’ என்று ஆசைப்படுகிற மச்சான். பையர் ஒவ்வொரு ஜனவரியிலும் புது முகத்துக்குக் கை கொடுக்கிறார். போன முறை பேசியதை முதலிலிருந்து சொல்கிறார். மச்சானுக்கு யூரோப் காட்டத்தான் வேண்டுமென்றால் மே மாதத்தில் காட்டலாம், குளிரும் குறைவு.

சாம்பிளில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆர்டர் பிடிக்கக் கொண்டுபோகும் மிகக் குறைந்த மதிப்புள்ள மாதிரிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சுங்க வரி விலக்கு உண்டு. ஆனால் அவை விற்க முடியாதவை என்று தெரியும்படி துளையிட்டோ, வெட்டியோ, அழியாத முத்திரை குத்தியோ இருக்க வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கலாம். ஊரிலேயே ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டால் விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். பையருக்கு அன்பளிப்பாகப் பால்கோவா டப்பாவை மட்டும் வைக்காதீர்கள். இறைச்சி, பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அங்கே தடை.

இனி அந்தப் போனுக்கு வருவோம். ஜெர்மனியில் குளிர்காலத்தில் காலை 9 மணி என்றால் இங்கே பகல் ஒன்றரை. அங்கே மாலை ஆறு மணிக்கு ஸ்டாலை மூடும்போது இங்கே இரவு பத்தரை. ஆகவே பயண ஏற்பாட்டுப் பட்டியலில் முதல் வரியாக எழுத வேண்டியது விமானத்தின் எண் கிடையாது. பகல் ஒன்றரையிலிருந்து இரவு பத்தரை வரை காஸ்டிங் மேசையில் உட்காரப்போகிறவரின் பெயர். நூல் விலை, சாயக் கூலி, தையல் கூலி, பேக்கிங், யூரோ மதிப்பு எல்லாவற்றையும் அன்றைய நிலவரப்படி போட்டு அரை மணியில் ஒரு எண்ணைச் சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.

அதையும்விட நல்ல வழி, போகிறவரிடமே அந்த அதிகாரத்தைக் கொடுத்தனுப்புவது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் கேட்கும் விலை, இறங்கக்கூடிய கடைசி விலை, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, டெலிவரிக்கு எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். இதில் முதலாளிகளுக்குத் தயக்கம் இருக்கிறது. தாள் போட்டிக் கம்பெனி கையில் சிக்கிவிடும் என்பார்கள். ஆள் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குத் தாவிவிடுவார் என்பார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் கடைசி விலையைச் சொல்லும் அளவுக்கு நம்பிக்கை இல்லாத ஒருவரை, லட்சக்கணக்கில் செலவு செய்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எதற்காக அனுப்புகிறோம்? சாம்பிளைக் காட்டி கார்டு வாங்க மட்டும் என்றால் கூரியர் மலிவு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதத்துக்கு ஏற்றியபோது, ஒரே சந்தையை நம்பியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். ஐரோப்பிய பையரின் அரை மணி நேரம் அதற்குப் பிறகு இன்னும் விலை கூடியிருக்கிறது.

தங்குமிடம், ஓய்வு, கைக்காசு இவையும் அனுப்புகிறவரின் பொறுப்பே. கண்காட்சி வாரத்தில் பிராங்க்பர்ட் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். முன்கூட்டிப் பிடிக்காதவர்கள் மைன்ஸ், வீஸ்பாடன் என்று பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வருகிறார்கள். அதில் தவறில்லை, ரயில் வசதி நன்றாகவே இருக்கிறது. தவறு தேதியில் நடக்கிறது. கண்காட்சி தொடங்குவது செவ்வாய்க்கிழமை. கரூரில் விமான நிலையம் கிடையாது. இரவு பஸ்ஸில் சென்னை, அங்கிருந்து விமானம் என்று திங்கட்கிழமை போய் இறங்கி, அன்றே ஸ்டாலில் துணி மாட்டி, மறுநாள் காலை கோட் போட்டுச் சிரிக்கச் சொன்னால் எந்த உடம்பு கேட்கும்? சனிக்கிழமையே போய்ச் சேரட்டும். ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவருக்கும் ஒரு சிக்கல் உண்டு: ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர. நம் மூன்று பின் சார்ஜர் அங்கத்திய பிளக்கில் பொருந்தாது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேட்டா விஷயத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு வார்த்தை. பயணம் போகிறவர் தன் கைக்காசைப் போட்டுவிட்டு, பில் கொடுத்து மூன்று மாதம் காத்திருக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அட்வான்ஸை யூரோவாக, புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒரு காபிக்கு பில் இல்லை என்று கேள்வி கேட்கப்படும் என்ற நினைப்போடு ஸ்டாலில் நிற்பவர், பையரைச் சாப்பிட அழைக்க யோசிப்பார்.

ஜனவரிப் பயணத்துக்கான விசா விண்ணப்பத்தை ஜூலையிலேயே போடலாம். ஆள் யார் என்பதை ஆடி மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். கூடவே, பொங்கலன்று பகல் ஒன்றரைக்குக் காஸ்டிங் மேசைக்கு வரப்போகிறவர் யார் என்பதையும் முடிவு செய்து, அவருக்கு அந்த மூன்று நாளுக்கும் இரட்டைச் சம்பளம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.