குறையால் பெயர்பெற்ற தொட்டி

நீர்ச்செடிகள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளை அவ்வார்வலர்கள் ‘ஹைடெக்’, ‘லோடெக்’ என இரண்டாகப் பிரிப்பர். கரியமிலவாயு சிலிண்டர், செறிந்த ஒளி, பொட்டலத்தில் வரும் சிறப்பு மண், நாள்தோறும் திரவ உரம் ஆகியவை இருந்தால் முன்னது, இல்லையேல் பின்னது. ஆனால் வெறுமனே ‘பிளான்டட் டேங்க்’ என்றால் பெரும்பாலும் முதல் வகையே பொருளாகிறது; இரண்டாவதற்குத்தான் அடைமொழி தேவைப்படுகிறது. துருபெட்ஸ்காய் ஒலியன்களுக்காக வகுத்த குறியுற்றது, குறியற்றது என்னும் பாகுபாடு இங்கே பணத்தின் எல்லைக்கோடாக நிற்கிறது. எளிய தொட்டிக்கு அதனிடம் இல்லாதவற்றைக் கொண்டே பெயர் வைத்திருக்கிறோம்.

இப்பெயரீடு தவறு என்பதே என் வாதம். மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் காலம் தள்ளும் ஆய்வு மாணவருக்கான ஆறுதல் மொழியாக இதைச் சொல்லவில்லை. பெங்களூரைப் போன்றதொரு நகரில் இயல்பான தொட்டி என்று அழைக்கத் தக்கது எளிய தொட்டியே. காரணம் தண்ணீர்.

கணக்கைப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் கொள்ளும். டாம் பார் பரப்பிய உரமுறைப்படி வாரந்தோறும் பாதி நீரை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு 1,400 லிட்டருக்கு மேல் செலவாகும். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைக்கு அஞ்சி ஆர்.ஓ. நீரை ஊற்றுவோரும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துத் தள்ளும். காவிரி நீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு இந்நகரை அடைகிறது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கும் வாகனம் கழுவவும் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என நீர் வாரியம் அறிவித்ததை நாம் மறந்திருக்க முடியாது.

பீன்யாவில் இருப்போர்க்குச் சிக்கல் இன்னும் கூடுதல். மின்முலாம் பூசும் பட்டறைகள் நிறைந்த இத்தொழிற்பேட்டையின் நிலத்தடி நீரில் குரோமிய மாசு பதிவாகியுள்ளது. ஆகவே சோதிக்காத ஆழ்துளை நீரை மீனுக்கு ஊற்றுவது தகாது. குழாய் நீரை ஓரிரவு அகன்ற வாளியில் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு நீங்கிவிடும். ஆவியாகிக் குறையும் அளவை மழைநீரால் ஈடுசெய்வது நல்லது. குழாய் நீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் உப்புகள் சேர்ந்து கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். (முதல் மழையைப் பிடிக்காதீர்கள். இப்பகுதிக் கூரைகளில் என்ன படிந்திருக்கிறது என்பதைக் கூரையைத் தொட்டுப் பார்த்தவர் அறிவர்.)

நிற்க. கடின நீர் உண்மையில் பகைதானா? வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் ஆகியவை நீரில் கரைந்த கரியமிலவாயுவை மட்டும் நம்பியிருப்பவை அல்ல. பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனைப் பெறக்கூடியவை. நாம் காசு கொடுத்து நீக்க முயலும் பொருள் அவற்றுக்கு உணவு. பாசச்செடிகளுக்கு இத்திறன் இல்லை. அவற்றைக் கடின நீரில் வைத்து வாடவிட்டு, பிறகு சிலிண்டர் வாங்க ஓடுகிறோம். செடிக்கேற்ப நீரை மாற்றுவது செலவு. நீருக்கேற்பச் செடியைத் தேர்வது அறிவு.

மண்ணும் அப்படியே. டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த முறை எளியது: அடியில் ஓர் அங்குலம் சாதாரணத் தோட்ட மண், அதன்மேல் ஓர் அங்குலம் மணல் அல்லது சிறு கூழாங்கல், முதல் நாளிலேயே நெருக்கமான நடவு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மக்கச் செய்யும்போது கரியமிலவாயு தானே வெளிப்படும். மீன் கழிவின் அம்மோனியத்தைச் செடிகள் விரும்பி உண்ணும். எனவே அடிக்கடி நீர் மாற்ற வேண்டியதில்லை. தொழுவுரம் கலந்த மண் ஆகாது. அம்மோனியா மிகுந்து மீன்கள் மடியும். நாற்றங்காலில் உரமிடாத செம்மண் கேட்டு வாங்குங்கள். பீன்யாச் சாலையோர மண்ணைத் தொடவே வேண்டாம்.

செடிகளின் பெயர்களில்தான் எனக்குப் பெருவியப்பு. ‘பகோபா’ என்று விற்கப்படுவது நம் நீர்ப்பிரமி. முன்தரையில் படரவிடும் ‘மார்சிலியா’ ஆராக்கீரையின் இனம். ‘ஹைக்ரோபிலா’ நீர்முள்ளியின் உறவு. ‘அப்போனோஜெட்டான் பல்பு’ எனப் பொட்டலத்தில் வருவது, மூதுரை உறவுக்கு உவமை காட்டும் கொட்டியின் குடும்பம். குளம் வற்றினாலும் கிழங்காக அடியில் கிடந்து மறுமழைக்குத் துளிர்ப்பது. இலங்கையில் அதன் இன்னோர் இனத்தைக் கெகட்டிய என்று கறி சமைக்கிறார்கள். பெயர் இலத்தீனுக்கு மாறியதும் விலையும் மாறிவிடுகிறது. ஓர் எச்சரிக்கை: பெங்களூர் நாற்றங்கால்களில் ‘பிரம்மி’ என்று கேட்டால் ‘ஒந்தெலக’, அதாவது வல்லாரை, கைக்கு வர வாய்ப்புண்டு. சொல் ஒன்று, செடி இரண்டு.

எளிய தொட்டி அழகற்றது என்பார்க்கு ஒன்று சொல்வேன். போட்டிக்குப் படமெடுக்கும் தொட்டிகளின் சீர்மை இதில் வராது. செந்நிறச் செடிகள் மங்கும். வளர்ச்சி மெதுவாக இருக்கும். இவை உண்மையான இழப்புகள், மறைப்பதற்கில்லை. ஆனால் மெதுவாக வளர்வதை வாரந்தோறும் கத்தரிக்க வேண்டியதில்லை; ஆய்வேடு எழுதுவோர்க்கு அதுவும் ஒரு வரவு.

சிக்கனம் என்ற பெயரில் ஏரியில் செடி அள்ளுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சாக்கடை கலந்த நீரின் நோய்களும் நத்தைகளும் உடன் வரும். அதைவிடக் கொடியது, வேண்டாதவற்றை ஏரியில் கொட்டுவது. ‘டேங்க் கிளீனர்’ என்று வாங்கப்பட்ட தென்னமெரிக்க மீன், தொட்டிக்குப் பெரிதானதும் விடப்பட்டு, இன்று தமிழகம், கேரளத்தின் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கத்தரித்த செடிகளை வெயிலில் முற்றிலும் உலர்த்திப் பூந்தொட்டியில் போடுங்கள்.

அல்லது ஒருவருக்கொருவர் கொடுங்கள். என்னிடம் இப்போது வாலிஸ்னேரியாவும் நீர்ப்பிரமியும் மிகுந்துள்ளன. வேண்டுவோர் செய்தி அனுப்பினால் பீன்யா மெட்ரோ நிலையத்தில் தருகிறேன். விலை இல்லை, வாய் அகன்ற புட்டி ஒன்று கொண்டுவந்தால் போதும்.