வாடகைப் பாட்டு போதும்; நம் பாட்டு எப்போது?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



இந்த மலரில் நட்பைப் பற்றியும் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றியும் கவிதைகள் நிறைய வந்திருக்கும். நான் எழுத வந்தது எனக்குப் பிடித்த பாட்டுக் குழுக்களைப் பற்றி. அதிலும் நம்மில் பலர் கேள்விப்படாத 'பங்க்' குழுக்களைப் பற்றி. "லேத் ஓட்டுற பையனுக்கு இது எதுக்குடா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் நம் யூனியனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது.

பங்க் என்றால் என்ன? 1970களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிளம்பிய ஒரு முரட்டு இசை. அன்றைய பெரிய ராக் குழுக்கள் வண்டி வண்டியாகக் கருவிகளோடு வருவார்கள். ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும். கேட்பவன் கீழே நின்று வாயைப் பிளக்க வேண்டியதுதான். பங்க் பையன்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். கிட்டாரில் மூன்று 'கார்ட்' பிடிக்கத் தெரிந்தால் போதும், மேடை ஏறு! பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடியணும். உன் தெரு, உன் கோபம், உன் வேலையில்லாத நிலைமை, இதையே பாடு. அவ்வளவுதான் அவர்கள் சித்தாந்தம்.

இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. 1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டர் நகரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழுவின் கச்சேரி நடந்தது. (பெயரைப் பார்த்து மலர்க்குழு கத்தரி போட வேண்டாம், அது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்!) அதை ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள். இருவரும் போல்ட்டன் தொழில்நுட்பக் கல்லூரிப் பையன்கள், நம்மைப் போல! வந்தவர்கள் ஏறக்குறைய நாற்பது பேர்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த பீட்டர் ஹூக் என்பவர் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார்; பிறகு நண்பர் பெர்னார்ட் சம்னரோடு சேர்ந்து ஜாய் டிவிஷன் என்ற புகழ்பெற்ற குழுவில் வாசித்தார். ஏற்பாடு செய்த இருவரும் பஸ்காக்ஸ் என்ற குழுவைத் தொடங்கி, ஜூலை 20ஆம் தேதி அதே மண்டபத்தில் மேடை ஏறினார்கள். 1977 ஜனவரியில் கடன் வாங்கித் தாங்களே ஆயிரம் இசைத்தட்டு போட்டார்கள். கம்பெனி வாசலில் காத்துக் கிடக்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ், த கிளாஷ், த டேம்ண்ட் ஆகிய குழுக்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பின. டிவியில் கெட்ட வார்த்தை பேசினார்கள் என்று பெரிய ரகளையாகி, பெரும்பாலான ஊர்களில் கச்சேரியை ரத்து செய்துவிட்டார்கள். துணிந்து கதவைத் திறந்த மிகச் சில இடங்களில் ஒன்று எது தெரியுமா? லீட்ஸ் பாலிடெக்னிக்! நாள் 1976 டிசம்பர் 6. ஆம், ஒரு பாலிடெக்னிக்! அங்கே இடம் கொடுத்தார்கள். இங்கே நாம் யாருக்கு இடம் கொடுக்கிறோம்?

சரி, வெள்ளைக்காரன் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு தம்பி உண்டு. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்த பெயர். பறை, கானா, ராப், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே மேடையில். இட ஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். ஆம்பளைங்க கச்சேரி என்றே இருந்த கானாவில் இசைவாணி என்ற பெண் தலைநிமிர்ந்து பாடினார். 2020இல் பிபிசியின் உலக நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அறிவு என்ற அரக்கோணத்துக்காரரை 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி'க்குப் பிறகு நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

பங்க் எங்கே பிறந்தது? வேலை கிடைக்காத பிள்ளைகளின் தெருவில். கானாவும் பறையும் எங்கே வளர்ந்தன? சாவு வீட்டு வாசலில். 'இதெல்லாம் இசையா?' என்று முகம் சுளிக்கப்பட்ட இரண்டும் மேடை ஏறியதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

இதை செல்போனில் கேட்டால் பாதிகூடக் கிடைக்காது. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் தாழ்ந்த அதிர்வெண் வெளியே வராது. பறை தகரம் தட்டுவது போலக் கேட்கும். சென்னையில் வேலை பார்க்கும் என் மாமா மகனோடு போய், பெரிய பெயர் இல்லாத ஒரு குழுவை நேரில் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்தில் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சினார்கள். முதல் வருட இயற்பியலில் படித்ததுதான்: சூட்டில் தோலின் ஈரம் போகும், தோல் இறுகும், இழுவிசை கூடும், அதிர்வெண் ஏறும். படித்தபோது அது மார்க்குக்காக. அன்றைக்கு வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிம்புக்குச்சி விழுந்தபோது, அது காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் வந்தது. கூடவே கிட்டார். பாடியவர் இறங்கி எங்கள் நடுவில் வந்து நின்றார். யார் பாடகர், யார் ரசிகர் என்ற கோடே இல்லை.

இனி சொல்லக் கஷ்டமான விஷயம். எங்க அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா ஊரில் தப்பு அடித்தவர். இழவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் போயே தீரணும். நடுராத்திரியோ, உடம்புக்கு முடியவில்லையோ, கேட்பாரில்லை. கூலி, அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது. "இனி இதைத் தொடமாட்டேன்" என்று பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்தவர் அப்பா. அவர் தப்பைக் கீழே வைத்ததால்தான் என் கைக்கு டிராஃப்டர் வந்தது.

அந்த அப்பாவிடம் நான் பறை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால்? "உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா சாமி?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் கேள்வி நியாயமானது. பறையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நான் தாண்ட மாட்டேன். என் பதில் இதுதான்: அடிக்கச் சொல்லி அடிப்பது வேறு, அடிக்க விரும்பி அடிப்பது வேறு. தாத்தாவை அடிமைப்படுத்தியது தோலும் கட்டையும் அல்ல, 'நீதான் அடிக்கணும்' என்ற கட்டளை. அப்பா கீழே வைத்தது அந்தக் கட்டளையை. இன்று காலம் நகர்ந்திருக்கிறது. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு பெண் பிள்ளைகள் கையில் பறையைக் கொடுத்தது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. நம் கல்லூரியில் பறை எடுத்தால் "அவன் ஆளுங்கதானே, அவன்கிட்ட குடு" என்று ஒருவன் சொன்னாலும் எங்க அப்பா ஜெயித்துவிட்டார், நான் தோற்றுவிட்டேன். அது எல்லார் கைக்கும் வரணும். அதனால்தான் இதைத் தனி ஆளாகச் செய்யாமல் யூனியனிடம் கேட்கிறேன்.

கல்லூரி விழா என்றால் வருடா வருடம் ஆர்கெஸ்ட்ரா, இல்லாவிட்டால் டிஜே. யாரோ பாடிய சினிமாப் பாட்டை யாரோ பாட, நாம் விசில் அடிக்கிறோம். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் உழைப்பாளிகள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பைலிங் செய்து கொப்புளம் வந்த கையைப் பற்றி, அரியர் பற்றி, இடம் கிடைக்காத பஸ் பயணம் பற்றி, அப்ரண்டிஸ் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பது பற்றி எந்த ஆர்கெஸ்ட்ரா பாடும்? நாம்தான் பாடணும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. அடுத்த கல்லூரி விழாவில் ஒரு மணி நேரம் நம் மாணவர்களின் சொந்தப் பாட்டுக்கு வேண்டும். வாரம் இரண்டு மாலை பறைப் பயிற்சி வேண்டும். மாணவியருக்கும் இடம் வேண்டும். எந்தத் துறை, எந்தத் தெரு என்று யாரும் கேட்கக் கூடாது. கருவிகளை யூனியன் பணத்தில் வாங்க வேண்டும், யார் வீட்டிலிருந்தும் கொண்டுவரச் சொல்லக் கூடாது. "சத்தம், சண்டை வரும்" என்று சிலர் பயப்படுவார்கள். சத்தம் வரட்டும். சேர்ந்து தாளம் பிடிக்கப் பழகியவர்கள் அவ்வளவு சீக்கிரம் சண்டைக்குப் போக மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

நமக்கு ராகம் தெரியாதே என்கிறீர்களா? அந்த மான்செஸ்டர் பையன்களுக்கும் பெரிதாகத் தெரியாது. யூனியன் அலுவலகத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயர் யாருடையது?