கரிக்குள் ஒரு விளக்கு

அகல் சுடரின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறோம். அந்தக் கரியிலிருந்தே ஒளியை வரவழைக்கலாம் என்றால் நம்புவீர்களா?

2004-இல் அமெரிக்காவின் தென் கரோலினா சர்வகலாசாலையில், கரிப்புகையிலிருந்து நுண்ணிய கார்பன் குழாய்களைப் பிரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கூடவே, தேடாத பொருள் ஒன்று பிரிந்து வந்து பளபளத்தது! புற ஊதாக் கதிர் பட்டதும் ஒளிவீசும் கார்பன் துகள்கள் அவை. ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைவான அளவு! 2007-இல் மெழுகுவர்த்திக் கரியை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சி இவற்றைத் தயாரித்தார்கள். 2012-இல் நம் நாட்டு ரூர்கேலாவில் ஆரஞ்சுச் சாற்றிலிருந்தே செய்துவிட்டார்கள்!

"ஒளி வீசினால் நமக்கென்ன?" என்கிறீர்களா? சொல்கிறேன்.

உடம்பின் உயிரணுக்களுக்கு இரும்பும் செம்பும் துளித் துளியாக வேண்டும். இரும்பு குறைந்தால் சோகை. செம்பு மிஞ்சினால் ஈரலும் மூளையும் கெடும். இவ்வியாதியை டாக்டர் வில்சன் 1912-இல் விவரித்தார்.

அணுவுக்குள் உலோகம் எவ்வளவு என்று எப்படி அறிவது? அணுக்களைக் கரைத்து அளக்கலாம். ஆனால் அவை செத்துப் போகுமே! சோறு வெந்ததா என்று பார்க்கப் பானையை உடைக்கிற கதைதான்.

கார்பன் துகளோ உயிருள்ள அணுவுக்குள் நுழைந்து விளக்காக எரிகிறது. இரும்பு அயனி வந்து ஒட்டியதும், ஒளியாக வெளிவர வேண்டிய சக்தியை அது பறித்துக்கொள்கிறது. விளக்கு மங்குகிறது. எவ்வளவு மங்கிற்றோ, அதை வைத்து இரும்பைக் கணக்கிடுகிறார்கள். இதே வேலைக்கு வந்த வேறு சில துகள்களில் காட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. விஷத்தைத் தேடும் ஒற்றனே விஷமாக இருந்தால்? கரியில் அந்தப் பயம் இல்லை.

ஆனால் இரும்பைக் கண்டு மங்கும் துகள் சில சமயம் செம்பைக் கண்டும் மங்கிவிடும். அதனால் குறிப்பிட்ட உலோகத்தை மட்டும் பற்றும் மூலக்கூறுகளைத் துகளோடு இணைக்கிறார்கள். மங்காத வேறு நிற விளக்கு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள்.

இவையெல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்துச் சமாசாரம். சோகையைக் கண்டுபிடிக்கச் சாதாரண இரத்தப் பரிசோதனையே இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா? ஓயாத களைப்பா? "பெண்ஜன்மத்துக்கு இது சகஜம்" என்று ஒதுக்காமல் அதை முதலில் செய்துகொள்ளுங்கள், சகோதரிகளே!