பொப்பி மலரும் சூரிய மலரும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் பிறந்ததும் கொழும்பில் பிரமுகர்களினதும் அதிகாரிகளினதும் சட்டைகளில் சிவப்புக் காகிதப் பொப்பி மலர் குத்தப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். முதலாம் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11ஆம் திகதியை நினைவுகூர்ந்து விற்கப்படும் இம்மலரின் வருமானம் முன்னாள் படையினரின் நலனுக்கானது. விஹாரமஹாதேவி பூங்காவிலுள்ள நினைவுத் தூபியில் மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. படையினருக்கு ஒரு சமூகம் நன்றி செலுத்தும் முறை இது. இதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை என்றே மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும்.

ஆனால் இதே மலர் ஒரு காலத்தில் இந்நாட்டில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது என்பதை இன்றைய தலைமுறையினரில் பலர் அறியமாட்டார்கள். இலங்கையரிடம் சேகரிக்கப்பட்ட பொப்பி நிதியின் பெரும் பகுதி பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டது. உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய இலங்கையரோ கவனிப்பாரின்றிக் கிடந்தனர். இந்த அநீதியைச் சுட்டிக்காட்டி 1931ஆம் ஆண்டு ஏலியன் பெரேரா என்பவர் அதே நவம்பர் 11ஆம் திகதி வேறொரு மலரை விற்பதற்கு ஏற்பாடு செய்தார். அதுவே சூரிய மலர். நமது ஊர் வேலிகளில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் பூவரசம் பூவைத்தான் சிங்கள மக்கள் அப்பெயரால் அழைக்கின்றனர்.

1933ஆம் ஆண்டு இம்முயற்சியை இடதுசாரி இளைஞர்கள் கையேற்றனர். ஆங்கிலேயப் பெண்மணியான டொரீன் விக்கிரமசிங்க இவ்வியக்கத்தின் தலைவியாகத் தெரிவுசெய்யப்பட்டார். ஏகாதிபத்தியத்தின் சின்னத்தை எதிர்த்தவர்களுக்கு ஏகாதிபத்திய நாட்டில் பிறந்த ஒருவரே தலைமை தாங்கினார் என்பது இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1934-35 காலப்பகுதியில் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடியபோது சூரிய மலர் இயக்கத்தினர் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். 1935 டிசம்பரில் உதயமான லங்கா சமசமாஜக் கட்சியின் வேர்களில் ஒன்று இவ்வியக்கமேயாகும். படையினருக்கு நன்றி கூறுவது சரியா, தவறா என்று அவர்கள் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த நன்றி யாருடைய கைக்குப் போய்ச் சேருகின்றது என்றே கேட்டனர். அக்கேள்வியை இன்று மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது.

சுதந்திர இலங்கையில் படையினரைக் கௌரவிப்பதற்கு ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ரணவிரு சேவா அதிகார சபை அமைக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு ‘அபி வெனுவென் அபி’ என்ற பெயரில் படையினரின் வீடமைப்புக்கென நிதியம் உருவாக்கப்பட்டது. யுத்தத்தின் இறுதிக் காலத்திலும் அதற்குப் பின்னரும் தென்னிலங்கையின் சந்திகளெங்கும் படையினரின் பாரிய உருவப் பதாகைகள் எழுந்தன. அந்த மக்களின் நன்றியுணர்வு போலியானது என்று நாம் கூறமாட்டோம். படையில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வறிய விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகள். பெற்ற பிள்ளையைப் பெட்டியில் பெற்றுக்கொண்ட தாயின் கண்ணீருக்கு மொழியோ மதமோ கிடையாது.

எனினும் பதாகைகள் நிறம் மங்கிய பின்னர் நடந்தது என்ன? பன்னிரண்டு வருட சேவையைப் பூர்த்தி செய்வதற்கு முன்னரே அங்கங்களை இழந்து ஓய்வு பெற்ற படையினர், வாழ்நாள் ஓய்வூதியம் கோரி 2017ஆம் ஆண்டு கொழும்பு கோட்டைப் பகுதியில் வீதியில் இறங்கிப் போராட நேர்ந்தது. பொய்க்கால்களுடனும் ஊன்றுகோல்களுடனும் அமர்ந்திருந்த அவர்களை, முன்னர் அவர்களது பெயரால் வாக்குக் கேட்டவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தனர்? பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நிலைமை மேலும் மோசமடைந்தது. முன்னாள் படையினர் பலர் உள்ளிட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர் ரஷ்யப் படையில் இணைந்துள்ளதாக 2025ஆம் ஆண்டு வெளிவிவகார அமைச்சரே பாராளுமன்றத்தில் தெரிவித்தார். அவர்களில் பலர் அங்கு மாண்டும் போயினர். தாய்நாட்டின் மாவீரர் என்று போற்றப்பட்டவன், குடும்பத்தின் பசிக்காக உக்ரேனியப் பதுங்குகுழியில் கூலிக்குப் போராடிச் சாவதைத் தடுக்க இயலாத நன்றியை என்னவென்று அழைப்பது?

இந்த நன்றியுரைகளில் முஸ்லிம் படையினருக்குக் கிடைத்த இடமும் மிகச் சிறியதே. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமை மீட்கச் சென்று உயிரிழந்த கேணல் பஸ்லி லாபிர், நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணயவைப் பெற்றவர். 2005 மே மாதம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட இராணுவப் புலனாய்வு அதிகாரி துவான் நிசாம் முத்தலிப் மலாய் சமூகத்தைச் சேர்ந்தவர். 2018ஆம் ஆண்டு திகனையிலும், 2019 மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பகுதிகளிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, தேசப்பற்றை உரத்துப் பேசியவர்களுக்கு இப்பெயர்கள் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

தமிழ் மக்களின் நிலையோ முற்றிலும் வேறானது. மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் அவர்கள் அழுகின்றனர். மறுநாள் மே 19ஆம் திகதி தென்னிலங்கையில் படையினர் கௌரவிக்கப்படுகின்றனர். 2015ஆம் ஆண்டு ‘வெற்றி நாள்’ என்ற பெயர் கைவிடப்பட்டமை வரவேற்கத்தக்க மாற்றமாயினும், 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உள்ளிட்டோர் கைதாகினர். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு அரச மரியாதையுடன் அஞ்சலி செலுத்தும் நாட்டில், மறு சமூகம் கஞ்சி ஊற்றுவது குற்றமாகின்றது. 2025ஆம் ஆண்டு மே 19 நிகழ்வில் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க பங்கேற்கமாட்டார் என முதலில் செய்தி வெளியாகி, எழுந்த விமர்சனங்களைத் தொடர்ந்து அவர் கலந்துகொண்டமை, இவ்விடயத்தில் தென்னிலங்கை அரசியலின் அழுத்தம் எத்தகையது என்பதைக் காட்டியது.

ஜனாதிபதியின் கட்சிக்கு இது புரியாத விடயமல்ல. 1971ஆம் ஆண்டிலும் 1987-89 காலப்பகுதியிலும் அரசுக்கெதிராக ஆயுதமேந்தி, இதே படையினரால் கொல்லப்பட்ட தமது தோழர்களையும் தலைவர் ரோஹண விஜேவீரவையும் ஜே.வி.பி.யினர் ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் திகதி பகிரங்கமாக நினைவுகூருகின்றனர். அதனை எவரும் தடுப்பதில்லை. தடுக்கவும் கூடாது. பொப்பி மலருக்கு இரண்டு நாட்களின் பின்னர் வரும் அந்நிகழ்வு, இறந்தவருக்கான அஞ்சலி அரசின் அரசியலை ஏற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு ஆளுங்கட்சியே வழங்கும் சாட்சியமாகும்.

அதே மாதத்தின் 27ஆம் திகதி வடக்கு, கிழக்கில் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகின்றனர். விடுதலைப் புலிகளால் 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் உறவுகளை இழந்தோருக்கும் அந்நாள் வேறு விதமாகவே தோன்றும் என்பதை நாம் அறிவோம். அந்த வேதனையைத் தமிழ் மக்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் கல்லறையை இடித்தழிப்பது அதற்கான மருந்தாகாது. கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் 2011ஆம் ஆண்டு 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளையைப் புதைத்த இடம் முகாமின் வேலிக்கு உள்ளே இருக்க, தாய்மார் வெளியே அயல் காணியில் நின்று விளக்கேற்றி வந்துள்ளனர். அந்நிலத்தைக் குடும்பங்களிடம் திருப்பிக் கையளிக்குமாறு கோருகின்றோம். அங்கவீனமுற்ற படைவீரனின் ஓய்வூதியத்துக்காகவும் இதே பத்தியில் நாம் குரல் கொடுப்பது, இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதனாலாகும்.