அவர்களின் குரலும் ஒலிக்கட்டும்

ஒருவரின் பேச்சு தடைபட்டால் அறிவும் மங்கிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். பக்கவாதத்தால் மூளையின் மொழிப்பகுதி பாதிக்கப்படும்போது ‘அஃபேசியா’ எனும் மொழிக் குறைபாடு உண்டாகிறது. 1861ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து இத்தொடர்பை விளக்கினார். பக்கவாதம் கண்டவர்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இக்குறைபாடு ஏற்படுகிறது. சிந்தனை இருக்கும், சொல் மட்டும் வராது.

பினாங்கு பல மொழிகள் புழங்கும் மாநிலம். ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் ஆகிய நான்கையும் கேட்கலாம். பல மொழி அறிந்தவருக்கு அஃபேசியா ஏற்பட்டால், எல்லா மொழிகளும் எப்போதும் ஒரே அளவில் மீள்வதில்லை. வாழ்நாள் முழுவதும் தமிழில் பேசிய பாட்டியை மலாயில் மட்டும் சோதித்தால், அவரிடம் எஞ்சியுள்ள ஆற்றல் வெளிப்படாமலே போகக்கூடும். எனவே, நோயாளியின் மொழியில் பயிற்சி அளிப்பது சலுகையன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

ஒவ்வொரு மொழிக்கும் பேச்சுப் பயிற்சியாளரை அமர்த்துவது இயலுமா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான பட்டக்கல்வியே 1990களில்தான் தொடங்கியது. ஆகவே, பற்றாக்குறை உண்மைதான். ஆயினும், படஅட்டைகளைப் பயன்படுத்தலாம். குடும்பத்தினருக்கும் தொண்டூழியர்களுக்கும் பயிற்சி அளிக்கலாம். எது முதலில் தேவை என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்டறிய வேண்டும்.

பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினால் மாற்றம் பிறக்கும் என்பதற்கு நாட்டிலேயே சான்று உண்டு. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ என்பவர் 1996ஆம் ஆண்டில் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ‘நாசாம்’ எனப்படும் அச்சங்கத்தின் மறுவாழ்வு மையம் பினாங்கிலும் இயங்குகிறது. மேலும், 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சுகாதாரச் சேவை பெறும் உரிமையை உறுதி செய்கிறது. பேச்சுக் குறைபாடும் நம் நாட்டில் பதிவு செய்யத்தக்க பிரிவாகும்.

ஆனால், கூட்டங்களில் விரைந்து பேசுவோரின் கருத்தே பெரும்பாலும் எடுபடுகிறது. சொல் தேடித் தவிப்பவர் வாய் திறப்பதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆதலால், மருத்துவமனைகளும் சங்கங்களும் அஃபேசியா உள்ளோருக்கு ஆலோசனைக் குழுக்களில் இடமளிக்க வேண்டும். படங்களும் எளிய வாக்கியங்களும் கொண்ட அறிக்கைகளைத் தர வேண்டும். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

மாணவர்களாகிய நாமும் உதவலாம். அத்தகையோரிடம் மெதுவாகப் பேசுவோம். ஆம், இல்லை எனப் பதில் கூறத்தக்க கேள்விகளைக் கேட்போம். அவர் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடிக்காமல், அவர் சொல்லும்வரை காத்திருப்போம்.