புகார் மனுவில் நான் எழுதாதது

எங்கள் விடுதியில் தொடர்ந்து மூன்று இரவுகள் மின்சாரம் தடைபட்டது. தளத்தில் பாதி அறைகளில் வெளிச்சம், பாதி அறைகளில் இருட்டு. அடுத்த வாரம் தேர்வு. பராமரிப்புப் பிரிவுக்கு இணையம் வழி புகார் கொடுக்க முடிவு செய்தோம். எனக்கு மலாய் நன்றாக வரும் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மின் பணியாளர் இரண்டு முறை வந்தும் பழுதைச் சரிசெய்யவில்லை, அலட்சியமாக இருக்கிறார் என்று எழுதினேன். 'அலட்சியம்' என்ற சொல்லை யோசித்துத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். தளத்தில் இருந்த தோழிகள் எல்லாரும் பெயர் கொடுத்தார்கள்.

நான் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இதை மறைத்துவிட்டு மேலே எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

அந்தப் பணியாளருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். நம்மவர்தான். நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுவோம். முதல் இரவு வந்தார், சோதித்தார், ஸ்விட்ச்சைத் தூக்கிவிட்டார், விளக்கு எரிந்தது. இரண்டாம் இரவும் அதே கதை. அன்று ஒரு தோழி, "அங்கிள், அந்த ஸ்விட்ச்சே வேணாம், நேரடியா இணைச்சு விட்டுடுங்களேன், பரிட்சை முடியட்டும்" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "அது மட்டும் கேக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் கணக்கில் அதுவும் அலட்சியத்தில் சேர்ந்துகொண்டது.

எல்லாரும் ஈஎல்சிபி என்று சொல்லும் அந்த ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஒரு கம்பியில் போகும் மின்சாரமும் இன்னொரு கம்பியில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்த அந்த மின்சாரம் வேறு வழியில் தரைக்குப் போகிறது என்று பொருள். அந்த வேறு வழி ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம். சாதாரண பிரேக்கருக்கு இந்த அளவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. 20 ஆம்பியர் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியரைக் கண்டுகொள்ளாது. இவ்வளவும் என் குறிப்பேட்டில் இருந்தது. என் மண்டையில்தான் இல்லை.

மூன்றாம் இரவு அவர் வர நேரமாகிவிட்டது. ஆய்வுக்கூடக் கட்டடத்தில் ஜெனரேட்டர் சரியாகத் தொடங்கவில்லையாம், அங்கே நின்றிருக்கிறார். ஆய்வு மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருக்கும் குளிர்பெட்டிகள் அங்கே உண்டு. அவற்றுக்கு மின்சாரம் நீண்ட நேரம் நின்றால் யாரோ ஒருவரின் பல வருட உழைப்பு கரைந்து போகும். ஆனால் புகார் படிவத்தில் 'பணியாளர் வந்து சேர்ந்த நேரம்' என்று மட்டுமே ஒரு கட்டம் இருந்தது. எங்கிருந்து வந்தார் என்று கேட்க அதில் இடமில்லை.

வந்தவர் அவசரப்படவில்லை. பலகையில் உள்ள எல்லா பிரேக்கர்களையும் கீழே தள்ளினார். ஈஎல்சிபியை மேலே தூக்கினார். பிறகு ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றினார். மூன்றாவதை ஏற்றியதும் இருட்டு. அந்த இணைப்பில் நான்கு அறைகள். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பிளக்குகளைக் கழற்றச் சொன்னார். எங்கள் அறைக்கு வந்தபோது என் அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக ஒரு வயர் உள்ளே போவதைப் பார்த்துவிட்டார். விடுதியில் அனுமதி இல்லாத மின்சாரக் கெட்டில். இரவு மெகி சமைக்க நான் ஒளித்து வைத்தது.

அதன் அடிப்பகுதியில் நீர் இறங்கியிருந்தது. நிரப்பி ஸ்விட்ச் போடும்போது மட்டும் கசிவு. முதல் இரண்டு இரவுகளும் அவர் வரும் சத்தம் கேட்டதும் நான் பிளக்கைக் கழற்றி மூடி வைத்துவிட்டேன். அப்புறம் அவர் என்ன சோதித்தாலும் எல்லாம் நன்றாகத்தானே இருக்கும்? மெகர் என்று அவர்கள் சொல்லும் கருவியைக் கெட்டிலின் பிளக்கில் வைத்துக் காட்டினார். குறைந்தது ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டிய முள் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. "நேத்து அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி நேரடியா இணைச்சிருந்தேன்னா, ஈரக் கையோட இதத் தொட்டிருப்பீங்கம்மா." அவ்வளவுதான் சொன்னார். வேலை அறிக்கையில் 'மின்கசிவு, சரிசெய்யப்பட்டது' என்று எழுதினார். அறை எண்ணை எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு அபராதம்.

அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே என் புகார் போய்விட்டிருந்தது.

சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் பல்கலைக்கழக ஊழியர் இல்லை. குத்தகை நிறுவனத்தின் ஆள். குத்தகை முடிந்து புது நிறுவனம் வரும்போது யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பட்டியல் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் என் புகாரும் இருக்கும். கெட்டில் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு இன்னொரு கடிதம் எழுதினேன். அபராதத்துக்கான பில் உடனே வந்தது. புகாரைத் திரும்பப் பெற்றதாக ஒரு வரியும் வரவில்லை.

பள்ளியில் 'உழைப்பின் உயர்வு' என்ற தலைப்பில் பேசிக் கோப்பை வாங்கியவள் நான். எந்தத் தொழிலும் இழிவில்லை என்று மேடையில் சொல்வோம். வீட்டில் என்ன சொல்கிறோம்? "ஒழுங்கா படிக்கலன்னா வயர் இழுக்கத்தான் போவ" என்று என் தம்பியை அப்பா திட்டுவார். தம்பிக்கு இந்த ஆண்டு எஸ்பிஎம். வீட்டில் மின்விசிறி நின்றால் அவன்தான் கழற்றுவான். நான் அல்ல. தொழிற்பயிற்சிக் கழகத்தில் மின்துறை எடுக்கிறேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை சுமுகமாக இல்லை.

அப்பாவிடம் நான் ஒன்றைச் சொன்னேன். நான் பட்டம் வாங்கிய மறுநாள் எங்கள் வளாகத்தின் 11,000 வோல்ட் அறைக்குள் போய் ஒரு ஸ்விட்ச்சைத் தொட எனக்கு உரிமை கிடையாது. அதற்கு சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம் தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒருமுனை, மும்முனை வயரிங் செய்பவருக்குத் தனித்தனிச் சான்றிதழ்கள். மின் அமைப்பை இயக்கும் சார்ஜ்மேனுக்கு, எத்தனை வோல்ட் வரை என்று பிரித்துப் பிரித்துச் சான்றிதழ்கள். மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள், அதற்கு மேல் நான்காம், ஐந்தாம் நிலையில் டிப்ளோமாக்கள், அங்கிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கும் வழி இருக்கிறது. படிப்பு வராதவன் ஒதுங்கும் இடம் என்று இதை நினைப்பது தகவல் இல்லாததால் வரும் எண்ணம்.

ஆனால் அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. "அந்த அங்கிளுக்கு என்ன சம்பளம்? எத்தனை வருசம் வேலை நிச்சயம்?" என்றார். அப்பா தொழிலை மட்டம் தட்டவில்லை, குத்தகையைப் பார்த்துப் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது. மரியாதையாகப் பேசுங்கள், வணக்கம் சொல்லுங்கள் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்வது சுலபம். வணக்கம் சொல்லி யார் வீட்டு வாடகையும் கட்ட முடியாது. ஒரு கட்டடத்தில் எந்தக் கம்பி எங்கே போகிறது, மழைக்காலத்தில் எந்தப் பலகைக்குள் பல்லி புகுந்து கருகும், இடி இறங்கினால் முதலில் எது விழும் என்றெல்லாம் வரைபடத்தில் இருக்காது. அங்கேயே வேலை செய்தவர் மனதில்தான் இருக்கும். குத்தகை மாறும்போது அவரை அனுப்பிவிட்டால், அந்த அறிவுக்குக் கொடுத்த காலமும் கூடவே போகிறது. பல்கலைக்கழகம் இவர்களை நேரடி ஊழியர்களாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.

இன்னொன்று, எங்களைப் போன்ற மின்பொறியியல் மாணவர்கள் ஒரு வாரமாவது இவர்கள் பின்னால் போக வேண்டும். இணைப்பைத் துண்டித்த பிறகும் அங்கிள் உடனே கை வைப்பதில்லை. டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைப்பார். பிறகு மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில். டெஸ்டர் இடையில் செத்துப்போயிருந்தால்? அதற்குத்தான் அந்த மூன்றாவது சோதனை. என் விரிவுரைக் குறிப்புகளில் மின்னழுத்தத்தைப் பற்றிப் பல பக்கங்கள் இருக்கின்றன. இந்த மூன்று சோதனைகள் எங்கும் இல்லை. துறைத் தலைவருக்கு இதைப் பற்றி எழுதியிருக்கிறேன். அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றார்.

தம்பியின் விண்ணப்பம் இன்னும் அனுப்பப்படவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது அவனை ஒருநாள் வளாகத்துக்குக் கூட்டி வரப்போகிறேன். அங்கிள் இப்போதும் இங்கேதான் இருக்கிறார். குத்தகை முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறதாம்.