கான்வென்ட்டின் தரம் எந்த மொழியில் அளக்கப்படுகிறது?

‘கான்வென்ட்’ என்ற சொல் இந்திய நடுத்தர வர்க்கத்தின் பேச்சில் துறவியர் இல்லத்தைக் குறிப்பதை நிறுத்திப் பல தலைமுறைகள் ஆகின்றன. திருமண விளம்பரங்களில் ‘கான்வென்ட் படிப்பு’ என்றால் ஆங்கிலம் என்றே பொருள். கன்னியர் ஒருவரும் காலடி வைத்திராத தனியார் பள்ளிகள்கூட இச்சொல்லைப் பெயர்ப்பலகையில் ஏற்றிக்கொண்டுள்ளன. இந்தப் பொருள்மாற்றம் ஒரு கல்விக் கருத்தையும் உடன் கடத்தி வந்துவிட்டது. கிறித்தவத் தொடக்கப்பள்ளியின் தரம் அங்கு ஒலிக்கும் ஆங்கிலத்தின் தரமே என்பதுதான் அது. அப்பள்ளிகளின் வரலாறோ வேறுவிதமாக இருக்கிறது.

மேகாலயத்தின் காஸி மலைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். செராம்பூர் மிஷனரிகள் காஸி மொழியை வங்க எழுத்தில் எழுதிப் பார்த்திருந்தனர், அம்முயற்சி வேர்கொள்ளவில்லை. 1841இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் ரோமன் எழுத்தைத் தேர்ந்தார். ஆயினும் அவர் கொண்டுவந்தது ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டல் அன்று. தம் தாய்மொழியான வெல்ஷின் எழுத்துக்கூட்டல். காஸி நெடுங்கணக்கில் ‘சி’ இல்லை, அதன் இடத்தில் ‘கே’ நிற்கிறது. ‘ஜி’யை அடுத்து ‘என்ஜி’ தனியோர் எழுத்தாக வருகிறது. வெல்ஷ் நெடுங்கணக்கிலும் அப்படியே. ‘ஒய்’ அங்கே முழு உயிரெழுத்து. ஓர் ஒலிக்கு ஏறக்குறைய ஓர் எழுத்து என்றமைந்த இம்முறையில், வீட்டில் பேசும் சொல்லையே பள்ளியில் எழுத்தாகக் கண்ட குழந்தைக்கு வாசிப்பு விரைவில் கைவந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1900இல் கல்கத்தா பல்கலைக்கழகம் தன் நுழைவுத் தேர்வில் காஸி மொழியை ஏற்றுக்கொண்டதற்கு அடித்தளம் இட்டவை இந்தச் சிற்றூர்ப் பள்ளிகளே.

இதில் ஒரு முரண் உண்டு. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் பேசிப் பிடிபட்ட குழந்தையின் கழுத்தில் ‘வெல்ஷ் நாட்’ என்னும் மரத்துண்டு தொங்கவிடப்பட்டது. சொந்த மண்ணில் இழிவுக்குள்ளான மொழியின் எழுத்தறிவு, காஸிக் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வியாகப் போய்ச் சேர்ந்தது.

மிஷனரிகளைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர்களின் முதல் நோக்கம் விவிலியத்தை வாசிக்கவைப்பது. மொழிப்பற்று அதன் பின்னரே. சிரபுஞ்சியின், அதாவது சோராவின் வழக்கையே அவர்கள் எழுத்துமொழியாக்கியதால், வார், லிங்ஙம் வழக்குகளைப் பேசும் குழந்தைக்குத் ‘தாய்மொழி’ப் பாடநூலும் பாதி அயல்மொழியாகவே இருந்தது, இன்றும் இருக்கிறது. என்றாலும் குழந்தை அறிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கல்விநெறி அங்கே செயல்பட்டது.

அந்நெறியைத்தான் இன்றைய நகர்ப்புறக் கிறித்தவப் பள்ளிகள் பெரிதும் கைவிட்டுவிட்டன. ஷில்லாங்கிலும் ராஞ்சியிலும் மழலை வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பயிற்றுமொழி. தாய்மொழி ஒரு பாடம் மட்டுமே. வளாகத்தில் தாய்மொழி பேசினால் அபராதம் என்ற வழக்கம் நாட்டின் பல பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. மரத்துண்டு போய் ரூபாய் வந்திருக்கிறது, அவ்வளவே. இத்தகைய வகுப்பில் குழந்தை ஆங்கிலப் பத்தியைப் பிசிறின்றி உரக்க வாசிக்கும். ஆண்டுவிழாவில் பெற்றோர் மகிழ்வர். அப்பத்தியில் யார், எங்கே, ஏன் போனார் என்று கேட்டால் விடை வராது. எழுத்தை ஒலியாக்குவது வேறு, பொருள்கொள்வது வேறு. ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்புத்திறன் இரண்டாம் மொழிக்குக் கைமாறும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருதுகோள் மொழியியல் மாணவர் அனைவரும் அறிந்தது. முதல் மொழியில் ஊன்றாத திறன் எதைக் கைமாற்றும்?

பெற்றோரை இங்குக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறமாகாது. சாதியின் வசவுச் சொற்கள் படியாத மொழியாக ஆங்கிலத்தைக் காணும் தலித் குடும்பத்துக்கும், அரசுப் பணியின் வாயிலாக அதைக் காணும் பழங்குடிக் குடும்பத்துக்கும் அது ஆடம்பரமன்று. உத்தரப்பிரதேசத்தின் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலத்துக்குக் கோயிலே எழுப்ப முனைந்தார் சந்திரபான் பிரசாத். அதை நகைப்போர் தம் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். ஆங்கிலம் தேவை என்பதில் சர்ச்சை இல்லை. எந்த வயதில், எதன்மேல் ஊன்றி என்பதே வினா.

சட்டம் இவ்வினாவைப் பள்ளிகளின் மனச்சான்றுக்கே விட்டுவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்கவேண்டும் என்கிறது. 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது ஒன்று. தொடக்கப்பள்ளிகளில் தாய்மொழியை அரசு திணிக்க இயலாது என்றது மற்றொன்று. முதல் தீர்ப்பை 2025இல் ஓர் அமர்வு ஐயுற்றிருக்கிறது. இரண்டாவது அப்படியே நிற்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021 அறிக்கையின்படி கிறித்தவச் சிறுபான்மைப் பள்ளி மாணவரில் 74 விழுக்காட்டினர் பிற சமயத்தவர். ஆகவே முதல் மூன்று வகுப்புகளின் பயிற்றுமொழி குறித்து ஒரு மறைமாவட்டக் கல்விக்குழு எடுக்கும் முடிவு திருச்சபையின் உள்விவகாரமாக நின்றுவிடுவதில்லை. அம்முடிவை மாற்றிக்கொள்ளவும் அக்குழு எந்த நீதிமன்றத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காஸி மொழிக்கேனும் பாடநூல்கள் ஆயத்தமாக உள்ளன. முதல் நூலை அச்சேற்றியவர்கள் அவர்களுடைய முன்னோடிகளே.